தங்க வேண்டாம் என்று சொன்ன விடுதிக்காரர்: கர்வால் யாத்திரை வழியின் சட்டிகள்

அலக்நந்தா ஆற்றின் கரையோரமாக ஹரித்துவாரிலிருந்து ஏறிச் செல்லும் பழைய யாத்திரைப் பாதையில், ருத்ரபிரயாகைக்கு ஏறத்தாழ இரண்டு மைல் முன்னதாகக் குலாப்ராய் என்னும் சிறிய தங்குமிடம் இருந்தது. 1918 முதல் 1926 வரை அப்பகுதியை ஓர் ஆட்கொல்லிச் சிறுத்தை அச்சத்தில் ஆழ்த்தியிருந்தது. அரசுக் கணக்கின்படி அதற்குப் பலியானவர்கள் 125 பேர். அந்த ஆண்டுகளில் ஒரு கோடை மாலையில், சென்னை மாகாணத்தைச் சேர்ந்த பத்து யாத்திரிகர்கள் கால் ஓய்ந்து குலாப்ராய் வந்து சேர்ந்தனர். தங்குமிடத்தை நடத்திய பண்டிதர் அவர்களை வரவேற்கவில்லை. இன்னும் இரண்டு மைல் நடந்தால் ருத்ரபிரயாகையில் பாதுகாப்பாகத் தங்கலாம் என்று சொல்லி, அவர்களை அனுப்பிவிடவே முயன்றார். களைத்தவர்கள் கேட்கவில்லை. வேறு வழியின்றிச் சற்று மேலே இருந்த தமது வீட்டைத் திறந்து, அனைவரையும் உள்ளே படுக்கவைத்தார். நெரிசலின் புழுக்கம் தாங்காமல் இரவில் அவரே கதவைத் திறந்து வெளியே வந்தபோது, சிறுத்தை அவர் கழுத்தைக் கவ்வியது. தூண்களைப் பற்றிக்கொண்டு காலால் உதைத்துத் தள்ளி அவர் உயிர் தப்பினார். ஜிம் கார்பெட் அச்சிறுத்தையைப் பற்றி எழுதிய நூலில் இந்நிகழ்ச்சியைப் பதிவு செய்துள்ளார்.

பண்டிதரின் மறுப்புக்குக் கருணை மட்டுமே காரணம் அன்று. மேலும் ஓர் உயிர் போனால் தமது தங்குமிடத்தின் பெயர் கெட்டுவிடும் என்று அவர் அஞ்சியதாகவே கார்பெட் எழுதுகிறார். ஆயினும் விருந்தினரின் உயிரும் விடுதிக்காரரின் பிழைப்பும் ஒன்றோடொன்று பிணைந்திருந்த ஓர் அமைப்பை இது காட்டுகிறது. சிறு விடுதிகள் தம் விருந்தினருக்கு மறக்கவியலாத உள்ளூர் அனுபவத்தை எவ்வாறு தரலாம் என்னும் கேள்வி இன்று சுற்றுலாத் துறையில் ஓயாமல் எழுப்பப்படுகிறது. நடைப்பயணம், நாட்டுப்புற உணவு, கைவினைப் பயிற்சி என்று பட்டியல்கள் நீள்கின்றன. கர்வால் வழியின் வரலாறு அக்கேள்விக்கு முந்தைய ஒன்றை முன்வைக்கிறது: ஓர் ஊரைப் பற்றிய அறிவு விடுதிக்காரரிடம் எத்தகைய நிலைமைகளில் உருவாகிறது, எத்தகைய நிலைமைகளில் அழிகிறது?

அவ்வழித் தங்குமிடங்களுக்குச் சட்டி என்று பெயர். தமிழின் சமையல் சட்டிக்கும் இச்சொல்லுக்கும் தொடர்பில்லை. எனினும் இரண்டையும் இணைக்கும் ஒரு வழக்கம் அங்கு இருந்தது. சட்டி என்பது பெரும்பாலும் பாதையை ஒட்டிய, மண் மெழுகிய தரையும் புல் வேய்ந்த கூரையும் கொண்ட நீண்ட கொட்டகை. சில மைல்களுக்கு ஒன்றாக இவை அமைந்திருந்தன. படுக்க வாடகை இல்லை. கொட்டகைக்காரரின் கடையில் மாவு, அரிசி, பருப்பு, நெய், விறகு ஆகியவற்றை வாங்கினால் போதும். இடமும் சமைப்பதற்கான கலங்களும் இரவலாகக் கிடைத்தன. யாத்திரிகர் சமைத்து உண்டு, கலங்களைக் கழுவிக் கொடுத்துவிட்டு, விடியுமுன் புறப்படுவார். விடுதியும் மளிகைக் கடையும் வழிகாட்டுமிடமும் இவ்வாறு ஒரே கூரையின்கீழ் இருந்தன.

சட்டிக்காரர்கள் பெரும்பாலும் அண்டைக் கிராமத்தவர்கள். கோயில்கள் திறந்திருக்கும் கோடை முதல் இலையுதிர்காலம் வரையிலான மாதங்களில் பாதையோரம் கடை விரித்து, பனி தொடங்கியதும் ஊர் திரும்பினர். எந்த ஓடை மழைக்குப் பின் கலங்கும், எந்தச் சரிவில் கல் உருளும், அடுத்த தண்ணீர் எவ்வளவு தொலைவில் என்பன அவர்கள் கற்றுக்கொண்ட பாடங்கள் அல்ல, வாழ்ந்து தெரிந்துகொண்டவை. வழியைக் கேட்காமல் நடக்க முடியாத யாத்திரிகருக்கு அந்த உரையாடல் பயணத்தின் ஒரு பகுதியாகவே இருந்தது.

சென்னை மாகாணத்தவர் அவ்வழியில் இருந்தது வியப்பன்று. தேவப்பிரயாகையும் பத்ரியும் வைணவ மரபின் 108 திவ்யதேசங்களில் அடங்குவன. பத்ரிநாத்தின் தலைமை அர்ச்சகரான ராவல் கேரளத்து நம்பூதிரி. கேதார்நாத்தின் ராவல் கர்நாடகத்து வீரசைவர். தேவப்பிரயாகைப் பண்டாக்கள் தம் யாத்திரிகர்களின் குடும்ப வழிமுறைகளைப் பேரேடுகளில் எழுதிவைத்தனர். தொலைதூரத்து மனிதர் ஒருவர் தம் பாட்டனாரின் பெயரை முன்பின் அறியாத மலையூரின் ஏட்டில் காண்பது, எந்த விளம்பரமும் தர இயலாத அனுபவம்.

இவ்வமைப்பைப் பொற்காலமாகச் சித்திரிப்பது வரலாற்றுக்குப் பொருந்தாது. சட்டிகளில் கழிவு அகற்றும் வசதி இல்லை. ஹரித்துவாரின் பெருங்கூட்டங்களிலிருந்து வாந்திபேதி இவ்வழியே மலைக்குள் பரவியது. கலங்களைத் தந்து தாமே சமைத்துக்கொள்ளவிட்ட வழக்கத்தின் பின்னால் சாதித் தூய்மை பற்றிய எண்ணமும் செயல்பட்டது. எல்லாருக்கும் அக்கொட்டகை ஒன்றுபோல் திறந்திருக்கவில்லை. இக்குறைகளுக்கு மாற்றுத் தேடியவர்களும் உண்டு. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ‘காலி கம்லிவாலா’ என்று அழைக்கப்பட்ட சுவாமி விசுத்தானந்தர், ரிஷிகேசத்தை மையமாகக் கொண்டு யாத்திரை வழியில் தர்மசாலைகளையும் அன்னதானத்தையும் ஏற்பாடு செய்தார்.

இதே மலைகளில் அதே காலத்தில் மற்றொரு வகை விருந்தோம்பலும் இருந்தது. ஆங்கிலேய அதிகாரிகளும் வேட்டைக்கு வந்தவர்களும் டாக் பங்களாக்களிலும் கூடாரங்களிலும் தங்கினர். சுத்தமான அறை, சமையற்காரர், பள்ளத்தாக்கை நோக்கிய தாழ்வாரம் என அவர்களுக்கு எல்லாம் அமைந்தன. அவர்கள் குறிப்புகளில் மலை அழகின் வருணனைக்குப் பஞ்சமில்லை. ஆனால் அவர்களது மூட்டைகளைச் சுமந்தவர்களும், பாலும் விறகும் புல்லும் கொண்டுவந்தவர்களும் பெரும்பாலும் விரும்பி வந்தவர்கள் அல்லர். ‘கூலி பேகார்’ என்பது கட்டாயச் சுமைப்பணி. ‘பர்தாயிஷ்’ என்பது கட்டாயமாக உணவுப்பொருள் வழங்குதல். எந்தக் கிராமத்தில் யார் சுமக்க வேண்டும் என்பது பதிவேடுகளில் எழுதப்பட்டிருந்தது. உழவு நாளில் ஏரை விட்டுவிட்டு வந்தவர், பயணிக்கு அனுபவத்தைத் தருபவர் அல்லர். அதன் விலையைத் தம் உடலால் செலுத்துபவர். 1921 ஜனவரியில் பாகேஷ்வரின் உத்தராயணித் திருவிழாவில், பத்ரி தத் பாண்டே முதலியோரின் தலைமையில் திரண்ட மக்கள் அப்பதிவேடுகளைச் சரயு ஆற்றில் வீசி எறிந்தனர். அவ்வழக்கம் அத்துடன் முறிந்தது.

சட்டியையும் பேகாரையும் அருகருகே வைத்துப் பார்த்தால் ஒரு வேறுபாடு தெளிவாகும். பேகாரில் சுமப்பவருக்கு மறுக்கும் உரிமை இல்லை. சட்டியில் அவ்வுரிமை இருந்தது. குலாப்ராய்ப் பண்டிதர் ‘இன்று இங்கே வேண்டாம்’ என்று சொல்ல முடிந்ததற்கு அதுவே அடிப்படை. ஊரை அறிந்தவர் தம் அறிவின்படி நடக்கும் உரிமையும் பெற்றிருந்தால்தான் அந்த அறிவு விருந்தினருக்குப் பயன்படும்.

எச்சரிக்கை என்பது இமயத்தில் அரசுக்கும் தெரியாத கலை அன்று. 1893இல் பெரும் மலைச்சரிவு ஒன்று பிரஹி கங்கையை அடைத்து, கோஹ்னா என்னுமிடத்தில் ஏரியை உண்டாக்கியது. நீர் எப்போது அணையை மேவும் என்று பொறியாளர்கள் கணித்தனர். தந்திக் கம்பி இழுக்கப்பட்டது. மக்கள் மேட்டு நிலத்துக்கு அனுப்பப்பட்டனர். 1894 ஆகஸ்டு இறுதியில் வெள்ளம் பாய்ந்து கர்வாலின் ஸ்ரீநகர் நகரத்தைத் துடைத்துச் சென்றது. உயிரிழந்தவர்கள், எச்சரிக்கையை மீறித் திரும்பிச் சென்ற ஒரு பக்கிரியின் குடும்பத்தைச் சேர்ந்த ஐவர் மட்டுமே.

சட்டிகளின் முடிவு மோட்டார் சாலையோடு வந்தது. 1962 எல்லைப் போருக்குப் பின் சாலைப்பணி விரைவுபெற்றது. 1960களின் இறுதிக்குள் பேருந்து பத்ரிநாத்தை எட்டியது. வாரக்கணக்கான நடை சில நாள்களாகச் சுருங்கியதால் முதியோரும் நோயுற்றோரும் தரிசனம் பெற முடிந்தது. இது சிறிய நன்மையன்று. ஆனால் ஆற்றின் இடப்புறமும் வலப்புறமும் இருந்த நூற்றுக்கணக்கான கொட்டகைகள் தேவையற்றுப்போயின. ஹனுமான் சட்டி, ஜானகி சட்டி என இடப்பெயர்களில் மட்டும் அச்சொல் நிலைத்தது. பயணிகள் சாலை முடியும் இடங்களில் குவிந்தனர். விடுதிகளும் அங்கேயே குவிந்தன. இடம் கிடைத்த ஆற்றங்கரைகளில் மாடிக் கட்டடங்கள் எழுந்தன. அவற்றை நடத்துவோருக்கு வழியைச் சொல்லும் கடமை இல்லை. வழியை ஓட்டுநர் அறிந்திருந்தால் போதும்.

2013 ஜூன் 16, 17 ஆகிய நாள்களில் பெருமழையும் சோராபாரி ஏரியின் உடைப்பும் சேர்ந்து கேதார்நாத் பள்ளத்தாக்கை அழித்தன. கௌரிகுண்டுக்கும் கேதாருக்கும் நடுவே, தலைமுறைகளாக யாத்திரிகர் இளைப்பாறிய ராம்பாரா இருந்த இடமே தெரியாமல் போயிற்று. இறந்தவர்கள் ஆயிரக்கணக்கானோர். ராம்பாரா பழைய தங்கலே என்பதை மறந்துவிடலாகாது. மரபான இடமாக இருப்பது மட்டுமே காப்பு அன்று. புல் கொட்டகை சில பத்துப்பேரைத் தாங்கிய இடத்தில், உச்சப் பருவத்தில் பல மடங்கு கூட்டம் இருந்தது என்பதே மாற்றம். 2025 ஆகஸ்டு 5 அன்று கங்கோத்ரி வழியின் தராலியில் கீர் கங்கை பெருக்கெடுத்தபோதும், ஓடையின் படிவு நிலத்தில் எழுந்திருந்த விடுதிகளே முதலில் புதைந்தன.

இப்பின்னணியில்தான் இன்றைய ஹோம்ஸ்டேக்களை மதிப்பிட வேண்டும். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் உத்தராகண்டில் ஆளில்லாத கிராமங்கள் ஆயிரத்துக்கு மேல் இருந்தன. பௌரி, அல்மோரா மாவட்டங்களின் மக்கள்தொகை முந்தைய பத்தாண்டுகளில் குறைந்திருந்தது. 2018இல் மாநில அரசு தொடங்கிய தீன்தயாள் உபாத்யாய ஹோம்ஸ்டே திட்டம், வங்கிக் கடனுக்கு மானியம் வழங்கி, உரிமையாளர் குடும்பத்துடன் அவ்வீட்டிலேயே வாழ வேண்டும் என்று நிபந்தனை விதித்தது. அந்த நிபந்தனை வெறும் நிர்வாக விதி அன்று. சட்டியின் அடிப்படையான பண்பு, அதாவது விருந்தளிப்பவர் அவ்வூரில் வாழ்பவராக இருத்தல், அதில் மீண்டும் இடம்பெறுகிறது.

ஆனால் வாழ்தல் மட்டும் போதாது என்பதை வரலாறு காட்டுகிறது. மண்டுவா என்னும் கேழ்வரகு ரொட்டி, ஜங்கோரா என்னும் குதிரைவாலிக் கஞ்சி, கஹத் என்னும் கொள்ளுப் பருப்பு ஆகியவை இன்று கர்வால் விடுதிகளில் விரும்பிப் பரிமாறப்படுகின்றன. அத்தானியம் அக்கிராமத்து வயலில் விளைந்தால், விருந்தினர் தரும் பணம் உழவைக் காக்கும். சமவெளிச் சந்தையிலிருந்து லாரியில் வந்தால், அது அலங்காரமாகவே முடியும். பழைய சட்டிப் பாதையில் விருந்தினரை அழைத்துச் செல்வது சிறந்த முயற்சி. அப்பாதையைச் செப்பனிட்டுக் காக்கும் கிராமத்தவருக்கு அவ்வருவாயில் பங்கு இல்லையெனில், அங்கே பேகாரின் சாயல் படியத் தொடங்கும்.

எல்லாவற்றிலும் கடினமானது மறுக்கும் உரிமை. மாதந்தோறும் தவணை கட்ட வேண்டியவர், பல மாதங்களுக்கு முன்பே முன்பதிவான அறையை மழை எச்சரிக்கை நாளில் ரத்துச் செய்வது எளிதன்று. விருந்தினரும் விடுப்புக் கணக்கோடு வந்திருப்பார். அடுத்த ஊருக்கும் முன்பதிவு செய்திருப்பார். பழைய யாத்திரிகரிடம் நாள்கள் இருந்தன. சட்டிக்காரரிடம் கடன் தவணை இல்லை. இந்த இரண்டு நெருக்கடிகளையும் தனி விடுதிக்காரர் தம் நல்லெண்ணத்தால் மட்டும் வெல்ல முடியாது. ஓர் ஊரின் சிறு விடுதிகள் கூட்டாக, ஆபத்தான நாள்களில் கட்டணமின்றித் தங்கல் நாளை மாற்றித் தரும் பொது விதியை ஏற்றுக்கொள்வது ஒரு வழி. அந்நாள்களின் கடன் தவணையை வங்கிகள் தள்ளிவைப்பது மற்றொரு வழி.

பயணம் நின்றுபோன நாள் வீணான நாளாக முடிய வேண்டியதில்லை. வெளியே மழை பொழிகையில், அடுப்படியில் அமர்ந்து கொள்ளு வேகும் நேரத்தில், எந்த ஓடை எந்த ஆண்டு பெருகியது, எந்த வீடு எதனால் மேட்டுக்கு மாறியது என்று வீட்டுப் பெரியவர் சொல்லக் கேட்பவர், அவ்வூரை எந்தக் காட்சி முனையிலிருந்து பார்த்தவரையும்விட நெருங்கி அறிந்தவராகத் திரும்புவார். சென்னை மாகாணத்துப் பத்து யாத்திரிகர்களும் குலாப்ராயில் பெற்றது அத்தகைய ஓர் இரவுதான். அதற்குரிய விலையை அன்று பண்டிதர் தனியாகக் கொடுத்தார். இன்றைய விடுதிக்காரர் அதைத் தனியாகக் கொடுக்க நேராமல் காப்பதே, உள்ளூர் அனுபவம் குறித்துப் பேசும் திட்டங்கள் முதலில் தீர்க்க வேண்டிய கணக்கு.