சுருங்கிய தேவாலயம்: வாரம் பெர்சியின் சுவர்கள் கூறும் வரலாறு

இடைக்கால இங்கிலாந்தில் கைவிடப்பட்ட ஊர்களைப் பற்றிப் பேச்செழும்போதெல்லாம் வகுப்பறைகளில் ஒரே விடைதான் வருகிறது: கொள்ளைநோய். 1348–49ஆம் ஆண்டுகளின் பெருங்கொள்ளைநோய் ஊர்களைத் துடைத்தெறிந்தது, மக்கள் மடிந்தனர், வீடுகள் மண்ணாயின என்பது கேட்பவர் மனத்தில் எளிதில் பதியும் கதை. அதில் குற்றவாளி எவரும் இல்லை என்பதும் அக்கதைக்கு ஒரு வசதி. யார்க்‌ஷயர் வோல்ட்ஸ் மேட்டுநிலத்தில், மால்டன் நகருக்குத் தென்கிழக்கே, ஒரு பள்ளத்தாக்கில் கூரையிழந்து நிற்கும் புனித மார்ட்டின் தேவாலயம் இந்தக் கதையை மறுக்கிறது. அதன் ஊரின் பெயர் வாரம் பெர்சி.

லீட்ஸ் பல்கலைக்கழகத்தின் பொருளியல் வரலாற்றறிஞர் மாரிஸ் பெரெஸ்ஃபோர்டும் தொல்லியலாளர் ஜான் ஹர்ஸ்டும் இணைந்து வழிநடத்திய அகழாய்வு இங்கு 1950 முதல் 1990 வரை கோடைதோறும் நடைபெற்றது. தேவாலயத்தில் மட்டும் 1962 முதல் 1974 வரை தோண்டினர். வழிபாட்டில் இருக்கும் ஒரு தேவாலயத்தின் தரையை எவரும் முழுமையாகப் பெயர்க்க விடமாட்டார்கள். இதுவோ கைவிடப்பட்ட கட்டடம். ஆகவே அடித்தளம் வரை சென்று அதன் வளர்சிதை மாற்றங்களைப் படிக்க முடிந்தது.

தொடக்கத்தில் இருந்த கற்கட்டடம் சிறியது: மக்கள் நின்று வழிபடும் நடுக்கூடம் ஒன்று, அதன் கிழக்கே குருவுக்குரிய பலிபீடக் கூடம் ஒன்று. 12ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தெற்கே ஒரு பக்கக் கூடம் சேர்ந்தது. பின்னர் வடக்கேயும் ஒன்று. பக்கக் கூடம் கட்டுவதென்றால் நடுக்கூடத்தின் சுவரைத் துளைத்து, தூண்களை நிறுத்தி, அவற்றின்மேல் வளைவுகளை எழுப்பி, அப்பால் புதிய சுவர் ஒன்றைக் கட்ட வேண்டும். பெருஞ்செலவு பிடிக்கும் பணி அது. மேற்கே மணிக்கூண்டும் எழுந்தது. அதன் பின்னர் எல்லாம் தலைகீழாகிறது. கிராமம் குன்றிய காலத்தை ஒட்டிப் பக்கக் கூடங்கள் இடிக்கப்பட்டன. திறந்திருந்த வளைவுகளின் இடைவெளிகளைக் கல்லால் அடைத்தனர். 17ஆம் நூற்றாண்டில் பலிபீடக் கூடமும் நீளம் குறைக்கப்பட்டது. இன்று அங்கு செல்பவர் வெளிச்சுவரில் தூண்களும் வளைவுகளும் புதைந்து நிற்பதைக் காணலாம். ஒரு காலத்தில் உள்ளே நின்ற தூண்கள் அவை. இப்போது அவற்றின்மீது மழை பெய்கிறது.

கூட்டம் பெருகியபோது கட்டடம் விரிந்தது, கூட்டம் குறைந்தபோது சுருங்கியது என்று இதனை ஒரே வரியில் கூறிவிடும் ஆசை எழுகிறது. பாடநூல்கள் பலவும் அவ்வாறே கூறுகின்றன. நான் அதில் பாதியைத்தான் ஏற்பேன். பக்கக் கூடம் என்பது ஆட்கள் நிற்கும் இடம் மட்டுமன்று. கூடுதல் பலிபீடங்கள், இறந்தோர் ஆன்மாவுக்கான திருப்பலிகள், பவனிகள், செல்வர்களின் கல்லறைகள் ஆகிய அனைத்திற்கும் அது இடமளித்தது. அண்டையூர்த் தேவாலயத்தைப் பார்த்து எழுந்த போட்டியும் இருந்திருக்கும். ஆகவே கட்டடம் விரிவதை மக்கள்தொகைக் கணக்காக வாசிப்பது ஆபத்தானது. சுருங்குவது அப்படியன்று. சமய மாற்றத்திற்குப் பின்னர் பக்கப் பலிபீடங்களுக்குத் தேவையில்லாமற் போனது மெய்தான். ஆயினும் இங்கிலாந்தின் எண்ணற்ற ஊர்களில் பக்கக் கூடங்கள் இன்றும் நிற்கின்றன. அவற்றைப் பேண ஆட்கள் இருந்தனர். இங்கு இல்லை.

பேணுவது எவர் பொறுப்பு என்பதையும் கவனிக்க வேண்டும். இங்கிலாந்தின் பங்கு வழக்கப்படி நடுக்கூடத்தைப் பங்கு மக்களும், பலிபீடக் கூடத்தைத் தசமபாகத்தின் பெரும்பகுதியைப் பெறும் உரிமையாளரும் பழுதுபார்த்தாக வேண்டும். ஒரே கூரைத்தொடரின்கீழ் இரு பணப்பைகள். எனவே பக்கக் கூடங்களின் இடிப்பையும் பலிபீடக் கூடத்தின் குறுக்கத்தையும் ஒரே நிகழ்வாகக் கருதக் கூடாது. முன்னது மக்களின் இயலாமையைக் காட்டுவது. பின்னது வருவாய் பெற்றவரின் கணக்குப்பார்வையைக் காட்டுவது. கல்வெட்டு வாசித்துப் பழகிய நமக்கு எழுத்தில்லாத சுவர் ஊமையாகத் தோன்றக்கூடும். எந்தச் சுவரை எவர் பணத்தில் கட்டினர் என்று கேட்டுப் பாருங்கள்; ஓரளவு பேசும்.

இனிக் கொள்ளைநோய். வாரம் பெர்சியையும் அது தாக்கியது. ஊரின் நிலவுடைமையாளரே 1349இல் இறந்தார். எனினும் 1368இல் ஏறத்தாழ 30 வீடுகளில் மக்கள் குடியிருந்ததாக ஆவணம் கூறுகிறது. நோய் முடித்துவைத்த ஊரின் கணக்கு அன்று இது. 1403இல் ஊர் பெர்சி குடும்பத்தின் கையிலிருந்து ஹில்டன் குடும்பத்திற்கு மாறியது. அதன் பின்னர் ஒரு நூற்றாண்டுக்கால மெல்லிய தேய்வு. ஆட்கள் குறைந்ததால் கூலி உயர்ந்தது. தானிய விலை தளர்ந்தது. கம்பளிக்கோ சந்தை இருந்தது. உழவுக்குப் பலர் வேண்டும்; ஆட்டுமந்தைக்கு ஓர் இடையன் போதும். நிலத்தை அடைத்து மேய்ச்சலாக்கியதைப் பற்றி அரசு 1517இல் நடத்திய விசாரணையில் இவ்வூரும் இடம்பெறுகிறது: நான்கு ஏர்கள் நிறுத்தப்பட்டன, நான்கு வீடுகள் பாழாக விடப்பட்டன, செய்தவர் ஹில்டன் பிரபு. அந்த நான்கு குடும்பங்களே கடைசியாக எஞ்சியவை என்று ஆய்வாளர் கொள்கின்றனர். கொள்ளைநோய் ஊரை வலுவிழக்கச் செய்தது என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் கடைசிக் கதவைச் சாத்தியது ஒரு நிலவுடைமையாளரின் தீர்மானம். அவருடைய பெயரும் ஏட்டில் உள்ளது.

அப்படியானால் ஊரே இல்லாத இடத்தில் தேவாலயம் மட்டும் நானூறு ஆண்டுகளுக்கு மேல் நின்றது எவ்வாறு? பங்கு என்பது ஊரைவிடப் பெரியது. திக்சென்டேல், ரெய்ஸ்தோர்ப், பர்டேல், டௌதோர்ப் ஆகிய சிற்றூர்களும் இதே பங்கைச் சேர்ந்தவை. அவற்றுள் சில தாமும் தேய்ந்தன. எஞ்சியோர் மேட்டுநிலத்தைக் கடந்து, வீடுகளற்ற இப்பள்ளத்தாக்கிற்கு வந்து மணம் முடித்தனர், குழந்தைகளுக்கு ஞானஸ்நானம் பெற்றனர், இறந்தோரை அடக்கம் செய்தனர். தேவாலயத்திலும் கல்லறை நிலத்திலும் அகழ்ந்தெடுத்து ஆராயப்பட்ட 687 பேரின் எலும்புகளில் இவ்வூரார் எவர், பக்கத்து ஊரார் எவர் எனப் பிரிப்பது எளிதன்று. அவ்வெலும்புகளிலிருந்து பெறப்பட்ட உணவு, நோய், குழந்தை வளர்ச்சி பற்றிய முடிவுகளை ‘வாரம் பெர்சி மக்களின்’ வாழ்வு என மேற்கோள் காட்டும் மாணவர்கள், அது ஒரு பங்கின் மக்கள்தொகை என்பதை நினைவில் கொள்வது நல்லது.

1870இல் திக்சென்டேலுக்குத் தனித் தேவாலயம் எழுந்தபோது புனித மார்ட்டின் தன் பெரும்பான்மைச் சபையை இழந்தது. 1949இல் கடைசி வழிபாடு நடந்தது. பத்தாண்டுகளுக்குள், 1959இல், மணிக்கூண்டின் ஒரு பகுதி சரிந்து விழுந்தது. எஞ்சிய பகுதி இன்றும் வானத்தை நோக்கித் திறந்து நிற்கிறது.