கரும்பு வில்லும் ஐங்கணை மலர்களும்

1833ஆம் ஆண்டிலேயே ஜார்ஜ் டவுன் குயின் வீதியில் மாரியம்மனுக்கு ஆலயம் எடுத்த தமிழர், தாயகத்து இளவேனிலை மட்டும் உடன் கொணர இயலவில்லை. ஆண்டு முழுதும் வெயிலும் மழையும் மாறிவரும் பினாங்கில் வசந்தம் என்றொரு பருவம் இல்லை. ஆயினும் பூசை அறைகளில் விளங்கும் காமாட்சி, இராசராசேசுவரி திருவுருவப் படங்களில் அவ்வசந்தம் கரும்பு வில்லாகவும் ஐந்து மலர்க்கணைகளாகவும் அன்னையின் திருக்கரங்களில் இடம்பெற்றுள்ளது.

இவை முதலில் மன்மதனுக்கு உரியவை. கரும்பு அவன் வில். வண்டுகள் அதன் நாண். வசந்தன் அவன் தோழன். தாமரை, மாம்பூ, அசோகம், முல்லை, நீலம் என்பன அவனது கணைகள். தாமரை நினைவைத் தூண்டும், மாம்பூ பசலையைத் தரும், அசோகம் உணர்வை நீக்கும், முல்லை படுக்கையில் கிடத்தும், நீலம் உயிரையே போக்கும் என்பது தமிழ் மரபு. ஓவியன் தீட்டும் ஒவ்வொரு பூவும் காதல் நோயின் ஒவ்வொரு நிலையைக் குறித்தது.

வடநாட்டில் மானக்கு என்னும் ஓவியர், 12ஆம் நூற்றாண்டினரான ஜெயதேவரின் கீதகோவிந்தத்தை 1730இல் ஓவியத் தொடராக்கினார். இராதையின் பிரிவுத் துயரை இறைவனை நாடும் ஆன்மாவின் ஏக்கமாகக் கொள்வர் அடியார். மேலை நாட்டிலும் இத்தகைய மரபு உண்டு. இத்தாலிய ஓவியர் போத்திச்செல்லி 1480ஆம் ஆண்டையொட்டித் தீட்டிய ‘வசந்தம்’ என்னும் ஓவியம் பிளாரன்சு நகரில் உள்ளது. அதில் மலர்த்தேவி ரோசாப் பூக்களைத் தூவி வருகிறாள்; காதல் தேவி வீனசின் தலைக்கு மேல் அவள் மைந்தன் கியூபிட், கண் கட்டப்பட்ட நிலையில் அம்பு தொடுக்கிறான்.

நம் மன்மதனோ கண் திறந்தே குறிவைத்தான். குறியோ தவத்தில் அமர்ந்த சிவபெருமான். நெற்றிக்கண் திறந்தது, அவன் சாம்பலானான். அட்ட வீரட்டத் தலங்களுள் ஒன்றான திருக்குறுக்கை இந்நிகழ்ச்சிக்குரிய தலமாகும். கதை அத்துடன் முடியவில்லை. எரிந்த காமனுக்கு உயிரளித்த மருந்து அன்னையே என்று லலிதா சகசுரநாமம் போற்றுகிறது. கரும்பு வில்லை மனம் என்றும், ஐந்து கணைகளைச் சுவை, ஒளி, ஊறு, ஓசை, நாற்றம் என்னும் ஐந்து தன்மாத்திரைகள் என்றும் அந்நூலே விளக்குகிறது. மயக்கிய படைக்கலங்கள் மனத்தையும் புலன்களையும் ஆளும் அருட்கருவிகளாக அன்னையிடம் சேர்ந்தன.

அச்சுப் படங்கள் சிலவற்றில் ஐந்து மலர்களும் ஒரே வடிவில், ஒரே வண்ணத்தில் அமைந்துவிடுகின்றன. வருந்தத்தக்கதே. தாமரை எது, நீலம் எது எனத் தெரியாத அப்படங்களில் வில் மட்டுமே பொருள் சொல்கிறது.