லாஜிஸ்டிக் சமன்பாடு

லாஜிஸ்டிக் சமன்பாடு என்பது ஓர் உயிரினத்தின் இந்த ஆண்டுத் தொகையிலிருந்து அடுத்த ஆண்டுத் தொகையைக் கணிக்கும் ஒற்றை வரிக் கணக்கு. ஒழுங்கின்மைக் கோட்பாடும், பிராக்டல் எனப்படும் பகுவல் வடிவியலும் ஒரே இடத்தில் வந்து சேர்வதை இதைவிட எளிதாகக் காட்டும் எடுத்துக்காட்டு இல்லை. கையில் ஒரு கால்குலேட்டர் இருந்தால் பள்ளி மாணவரே போட்டுப் பார்க்கலாம்.

ஓர் இடம் தாங்கக்கூடிய உச்ச அளவை 1 என்று கொண்டால், இந்த ஆண்டுத் தொகை 0-க்கும் 1-க்கும் இடைப்பட்ட ஒரு பின்னம். அதை ‘ம’ என்போம். பெருக்க வீதத்தை ‘வ’ என்போம். அடுத்த ஆண்டுத் தொகை:

வ × ம × (1 − ம)

‘ம’ கூடினால் குட்டிகள் கூடும். அதே சமயம், மிச்சமிருக்கும் இடத்தையும் உணவையும் குறிக்கும் (1 − ம) சுருங்கும். வந்த விடையை மறுபடியும் ‘ம’ ஆக வைத்துப் பெருக்க வேண்டும், அவ்வளவுதான் வேலை. இதன் மூலக் கருத்து பெல்ஜியக் கணிதவியலர் பியர் பிரான்சுவா வெர்ஹுல்ஸ்ட் 1838-இல் வெளியிட்ட மக்கள்தொகை வளர்ச்சிக் கணக்கில் இருக்கிறது. ஆண்டுக்கு ஆண்டு தாவும் இந்த வடிவத்தைப் பரவலாக அறியச் செய்தவர் ராபர்ட் மே. ஆஸ்திரேலியாவில் பிறந்து, இயற்பியலிலிருந்து சூழலியலுக்கு வந்தவர். 1976-இல் ‘நேச்சர்’ இதழில் எழுதிய கட்டுரையில், மாணவர்களுக்கு இந்தச் சமன்பாட்டைத் தொடக்கத்திலேயே கற்பிக்க வேண்டும் என்று அவர் வற்புறுத்தினார். எளிய விதி எளிய விளைவையே தரும் என்ற நம்பிக்கை அப்போதுதான் உடையும் என்பது அவர் எண்ணம்.

‘வ’ 2.8 என்றால், எந்தத் தொகையில் தொடங்கினாலும் சில ஆண்டுகளில் கணக்கு 0.643-க்கு அருகே வந்து நின்றுவிடும். 3-ஐத் தாண்டியதும் அந்த நிலைப்பு குலைகிறது. 3.2-இல் தொகை 0.513, 0.799 என்ற இரண்டு மதிப்புகளுக்கு இடையே ஆண்டு மாறி ஆண்டு ஊசலாடும். 3.5-இல் நான்கு மதிப்புகள் சுற்றி வரும். பிறகு எட்டு, பதினாறு, முப்பத்திரண்டு. இந்த இரட்டிப்புகள் நேரும் இடங்கள் 3, 3.4495, 3.5441, 3.5644 என்று விரைவாக நெருங்கி, 3.5699-க்கு அருகே முடிவின்றிக் குவிகின்றன. அதற்கு அப்பால், பெரும்பாலான இடங்களில், எந்தச் சுழற்சிக்கும் அடங்காத ஓட்டம்தான்.

இந்த நெருக்கத்தில் ஓர் ஒழுங்கு ஒளிந்திருப்பதை 1975-இல் கண்டவர் மிட்செல் ஃபைகன்பாம். அப்போது அவர் அமெரிக்காவின் லாஸ் அலமோஸ் ஆய்வகத்தில் இருந்தார். அவரிடம் இருந்தது எச்பி-65 என்ற கைக் கால்குலேட்டர். அது மெதுவாகக் கணக்கிட்டதால், அடுத்த இரட்டிப்பு எங்கே வரும் என்று காத்திருக்கும் நேரத்தில் அவரே ஊகிக்கத் தொடங்கினார். ஒவ்வோர் இடைவெளியும் முந்தியதைவிட ஏறத்தாழ 4.669 மடங்கு குறுகிக்கொண்டே போனது. அடுத்து, இந்தச் சமன்பாட்டை விட்டுவிட்டு சைன் சார்பை வைத்துப் பார்த்தார். அங்கும் அதே 4.669! ஒற்றை வளைந்த முகடு கொண்ட எந்தச் சார்பை எடுத்தாலும், முகட்டின் உச்சி வழக்கமான வகையில் வளைந்திருந்தால், இதே எண் வருகிறது. விதியின் நுணுக்கங்கள் கரைந்துபோய், அதன் வடிவம் மட்டுமே பேசுகிறது. 1982-இல் ஆஸ்கர் லான்ஃபோர்டு கணினியின் துணையோடு இதற்கு நிறுவல் தந்தார். பிரான்சில் ஆல்பர்ட் லிப்சேபர், மிகச் சிறிய கலத்தில் திரவ ஹீலியத்தைச் சூடாக்கி, கொந்தளிப்பு தொடங்கும் முன் இதே இரட்டிப்பு நிகழ்வதை அளந்து காட்டினார். ஃபைகன்பாம், லிப்சேபர் இருவருக்கும் 1986-இல் இயற்பியலுக்கான வுல்ஃப் பரிசு கிடைத்தது. தாளில் கண்ட எண் ஹீலியத்திலும் தென்பட்டது இருபதாம் நூற்றாண்டு அறிவியலின் பெரிய வியப்புகளில் ஒன்று. பையின் 3.14159-ஐ அறிந்த மாணவர்கள் 4.669-ஐயும் அறிந்திருப்பது நியாயமே.

‘வ’ 4-ஐ எட்டும்போது ஒழுங்கின்மை முழுமையடைகிறது. 0.2-இல் ஒரு கணக்கும் 0.200001-இல் இன்னொன்றும் தொடங்கட்டும். வேறுபாடு ஒவ்வொரு படியிலும் சராசரியாக இரட்டிக்கும். பத்து இலட்சத்தில் ஒரு பங்காக இருந்த பிழை ஏறக்குறைய 20 படிகளில் கணக்கையே விழுங்கிவிடும். வானிலை ஆய்வாளர் எட்வர்டு லோரன்ஸ் 1961-இல் கணினிக்கு 0.506127 என்பதற்குப் பதிலாக 0.506 என்று கொடுத்துக் கண்டதும் இந்த உணர்திறனைத்தான். இங்கே தற்செயலுக்கு இடமே இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். ஒவ்வொரு படியும் விதிப்படியே நடக்கிறது. தொடக்கத்தை முற்றாகத் துல்லியமாக அளக்க முடியாததால்தான் முன்கணிப்பு பொய்க்கிறது. இந்த ஓட்டத்தைச் சமவாய்ப்பு எண்கள் உருவாக்கப் பயன்படுத்தலாம் என்று ஸ்டானிஸ்லாவ் உலாமும் ஜான் ஃபான் நாய்மனும் 1947-இலேயே குறிப்பிட்டிருந்தனர்.

ஒழுங்கின்மைக்கு நடுவே அமைதிச் சாளரங்களும் உண்டு. 3.8284-க்கு அருகே திடீரென மூன்றே மதிப்புகள் சுழலத் தொடங்கும். அந்த மூன்றும் 6, 12, 24 என்று மறுபடி இரட்டித்து, முழுப் படத்தின் சிறு நகலாகவே விரியும். இத்தகைய சாளரங்கள் எண்ணற்றவை. அவை இல்லாத இடைவெளியே 3.5699-க்கும் 4-க்கும் நடுவில் கிடையாது. ஆனாலும் ஒழுங்கற்ற மதிப்புகள் மொத்தத்தில் ஒரு கணிசமான நீளத்தை நிரப்புகின்றன என்பதை 1981-இல் மிகைல் யாகப்சன் நிறுவினார்.

நகலுக்குள் நகல் என்ற இந்த அமைப்புதான் பகுவல். இரட்டிப்புகள் குவியும் அந்த எல்லையில் கணக்கு தொட்டுச் செல்லும் புள்ளிகளை ஒரு கோட்டில் குறித்தால், தூசிபோல் சிதறிய ஒரு கணம் கிடைக்கும். அதன் பரிமாணம் ஏறத்தாழ 0.538. புள்ளியின் பரிமாணம் 0, கோட்டின் பரிமாணம் 1. இது இரண்டுக்கும் இடையில் நிற்கிறது. பெனுவா மாண்டெல்பிராட் ஐபிஎம் ஆய்வு மையத்தில் 1980-இல் கணினியில் வரைந்து ஆராய்ந்த புகழ்பெற்ற கணமும் இந்தச் சமன்பாட்டின் நெருங்கிய உறவே. அங்கே, ஓர் எண்ணை வர்க்கமாக்கி ஒரு மாறிலியைக் கூட்டுவதைத் திரும்பத் திரும்பச் செய்கிறார்கள். மாறிலி கலப்பெண்ணாகவும் இருக்கலாம். மாறிலியை மெய்யெண்களோடு நிறுத்திக்கொண்டால் அது மாறுவேடமிட்ட லாஜிஸ்டிக் சமன்பாடுதான். கணத்தின் பெரிய இதய வடிவமும் அதை ஒட்டிய வட்டமும் சேரும் இடம், முதல் இரட்டிப்பு நேரும் 3-க்கு நிகரானது. இடப்பக்க ஊசியில் தொங்கும் குட்டி நகல்களில் பெரியது, மூன்று சுழற்சிச் சாளரத்துக்கு உரியது.

இயற்கையில் வாழும் உயிரினம் எதுவும் இந்த ஒரு வரிக்கு அப்படியே கட்டுப்படுவதில்லை. வயது வேறுபாடு, எதிரி, மழை என்று பல குறுக்கிடும். ஆனால், தன் பெருக்கத்தைத் தானே கட்டுப்படுத்தும் உயிரினத்தில் இத்தகைய ஒழுங்கின்மை நிகழ முடியும் என்பதற்கு ஆய்வகச் சான்று இருக்கிறது. மாவு வண்டுகளில் முட்டைப்புழு, கூட்டுப்புழு, முதிர் வண்டு என்ற மூன்று நிலைகளையும் கணக்கில் எடுக்கும் விரிவான மாதிரியை அமெரிக்க ஆய்வாளர்கள் சோதித்தனர். முதிர் வண்டுகளின் இறப்பையும் புதிய வண்டுகளின் வரவையும் அவர்கள் மாற்றி அமைத்தபோது, மாதிரி முன்னரே சொன்னபடி தொகைகள் நிலைப்பிலிருந்து சுழற்சிக்கும், சுழற்சியிலிருந்து ஒழுங்கற்ற ஏற்ற இறக்கத்துக்கும் சென்றன. முடிவுகள் 1997-இல் ‘சயின்ஸ்’ இதழில் வெளிவந்தன.