துபாஷியின் கையில் ஓர் ஓலை

பழைய ஏடுகளைக் கையில் எடுத்துப் பார்த்திருக்கும் நேயர்களுக்கு இது தெரிந்திருக்கும். அவற்றில் சொல்லுக்கும் சொல்லுக்கும் இடைவெளி கிடையாது. காற்புள்ளி, மேற்கோள்குறி எதுவும் கிடையாது. எழுத்தாணி குத்தினால் ஓலை கிழியும் என்று மெய்யெழுத்தின் புள்ளியைக்கூடப் பெரும்பாலும் விட்டுவிடுவார்கள். எங்கே பிரிப்பது, எங்கே சேர்ப்பது என்பதெல்லாம் படிக்கிறவர் பொறுப்பு. எழுதினவரும் படிக்கிறவரும் ஒரே ஊர்க்காரர்களாக இருந்தவரையில் கவலையில்லை. ஓலை வேறு சீமைக்கு, வேறு பாஷைக்காரரிடம் போகும்போதுதான் துபாஷி நடுவில் வந்தார். துபாஷி என்றால் இரண்டு பாஷை அறிந்தவர் என்றே அர்த்தம்.

அச்சு வந்த பிறகு இந்தத் தொல்லை ஒழிந்துவிட்டது என்றுதான் எல்லோரும் நினைத்திருப்போம். கணிப்பொறி அதைத் திரும்பவும் வீட்டுக்குள் கொண்டுவந்துவிட்டது. எழுத்தால் கட்டளை இடுகிறவருக்கும் கட்டளையை நிறைவேற்றும் நிரலுக்கும் நடுவே ஒரு துபாஷி உட்கார்ந்திருக்கிறது. அதற்கு ஷெல் என்று பெயர். யூனிக்ஸ் என்ற அமைப்புக்கு அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் கென் தாம்ப்ஸன் 1971-ல் ஒன்று எழுதினார். 1979-ல் ஸ்டீபன் போர்ன் எழுதியது வந்தது. இன்று புழங்குகிறவற்றில் பல போர்ன் வம்சம்தான்.

இந்தத் துபாஷிக்கு இடைவெளியைக் கண்டால் வெட்டிப் பிரிக்கிற சுபாவம். ஒரு நாவலாசிரியர் தம் நாவலுக்குத் 'திண்டுக்கல்' என்றும், அதற்காகத் திரட்டிய குப்பைகளுக்குத் 'திண்டுக்கல் குறிப்பு' என்றும் பெயர் வைத்திருப்பதாகக் கொள்வோம். குறிப்பை அழிக்கச் சொல்லி அந்தப் பெயரை அப்படியே எழுதினால், ஷெல் அதை இரண்டு பெயராக எடுத்துக் கொள்ளும். திண்டுக்கல்லை அழி, குறிப்பை அழி! குறிப்பு என்று தனியே எதுவும் இல்லை என முனகிவிட்டு, நாவலை அழித்துவிடும். திரும்பக் கேட்டால் கிடைக்காது. பெயரை மேற்கோள்குறிக்குள் வைத்திருந்தால் பிழைத்திருக்கும். ஒற்றை மேற்கோளுக்குள் எது இருந்தாலும் ஷெல் தொடாது. இரட்டை மேற்கோளுக்குள் டாலர் குறி போன்ற சிலவற்றுக்கு மட்டும் தன் வியாக்கியானத்தைச் சேர்த்துவிடும்.

இதோடு முடிந்தால் சௌகரியமாக இருக்கும். ஆனால் திண்டுக்கல்லில் உட்கார்ந்துகொண்டு சென்னையில் உள்ள யந்திரத்துக்குக் கட்டளை அனுப்பும்போது வழியில் இரண்டு துபாஷிகள். இங்குள்ள ஷெல் மேற்கோளை உறை கிழிப்பதுபோல் கிழித்து எடுத்துவிடுகிறது. உள்ளே இருந்த சொற்கள் மறுபடி ஒரே வரியாகக் கோக்கப்பட்டுப் பயணப்படுகின்றன. அங்குள்ள ஷெல் அந்த வரியைப் புதிதாகப் படித்து மீண்டும் வெட்டுகிறது! ஆகவே உறைக்குள் உறை போட வேண்டும். எத்தனை கை மாறும் என்று அனுப்புகிறவர் முன்கூட்டியே எண்ண வேண்டும். விண்டோஸின் சங்கதியே வேறு. முழு வரியும் ஒரே சரமாக நிரலிடம் போகிறது. பிரித்துக் கொள்வது நிரலின் பாடு. நம் ஓலை மாதிரியேதான். அதன் பழைய கட்டளைத் துபாஷிக்கு ஒற்றை மேற்கோள் என்றால் ஒரு பொருட்டே இல்லை. யூனிக்ஸில் மட்டும் ஒரு நல்ல வழி உண்டு: நடுவில் ஷெல்லே வேண்டாம் என்று, சொற்களைத் தனித்தனியே நிரலிடம் நேராக ஒப்படைத்துவிடலாம்.

நேராக ஒப்படைப்பது என்றதும் எனக்கு நம் ஊர்ச் சரித்திரம் நினைவுக்கு வருகிறது. 1772 ஜூன் மாதம் காளையார்கோவிலில் முத்துவடுகநாதர் கொல்லப்பட்டார். ராணி வேலு நாச்சியார், ஒட்டன்சத்திரத்தைத் தாண்டிப் பழனி சாலையிலுள்ள விருப்பாட்சிக்கு வந்து, கோபால நாயக்கரின் ஆதரவில் தங்கினார். அந்த டிசம்பரில் பிரதானி தாண்டவராய பிள்ளை, ஐயாயிரம் குதிரைப்படையும் ஐயாயிரம் காலாட்படையும் கேட்டு ஹைதர் அலிக்குக் கடிதம் எழுதினார். 1755-ல் திண்டுக்கல் பௌஜ்தாராக வந்து, இங்கே பலத்தைப் பெருக்கிக் கொண்டவர் ஹைதர். அபாரமான ஞாபகசக்தி உள்ளவர். ஆனால் எழுதப் படிக்கத் தெரியாதவர். எந்தக் கடிதமானாலும் இன்னொருவர் படித்துக் காட்டித்தான் அவர் காதுக்குப் போக வேண்டும். ஒரு ராஜ்யத்தின் தலையெழுத்து, முன்பின் அறியாத ஒரு முன்ஷியின் நாக்கில் தொங்கிற்று என்றால் மிகையில்லை.

படை உடனே வரவில்லை. பிரதானியும் காலமானார். பின்னர் திண்டுக்கல்லில் ராணி தாமே ஹைதரைச் சந்தித்து, உருது பாஷையில் பேசித் தம் வழக்கை எடுத்துரைத்தார் என்பது இங்கே வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. துபாஷி இல்லை, முன்ஷி இல்லை. சொன்னது சொன்னபடியே போய்ச் சேர்ந்தது. 1780-ல் மைசூர்ப் படையின் துணையோடு விருப்பாட்சியை விட்டுக் கிளம்பிச் சிவகங்கையை மீட்டார் அவர்.