பெலீஸைக் காப்பாத்தின பவளப்பாறை

பெலீஸ்னு ஒரு குட்டி நாடு இருக்குங்க. மெக்சிகோவுக்குத் தெற்கே, கரீபியன் கடலோரம். சுத்தியிருக்கிற நாடெல்லாம் ஸ்பானிஷ் பேச, இங்கே மட்டும் ஆட்சிமொழி ஆங்கிலம். ஏன்னு கேட்டா, கடலுக்குள்ள பாருங்கன்னுதான் சொல்லணும்.

கரையோரமா கிட்டத்தட்ட 300 கி.மீ. நீளத்துக்குப் பவளப்பாறைத் தொடர். அதுக்கும் கரைக்கும் நடுவில் ஆழமில்லாத கடல். 17-ம் நூற்றாண்டில் சாயமரம் வெட்ட வந்த ஆங்கிலேயர்களுக்கு (பலர் பழைய கடற்கொள்ளையர்கள்!) இதைவிட நல்ல கோட்டை எங்கே கிடைக்கும்? 1798 செப்டம்பரில் ஸ்பெயின் பெரிய கப்பற்படையோட வந்தது. செயின்ட் ஜார்ஜ் தீவுப் பக்கம் மணல்திட்டுகளைத் தாண்டிப் பெரிய கப்பல்களால உள்ளே வர முடியலை. தடம் தெரிஞ்சவங்க சின்னக் கப்பல்லயும் படகுலயும் பீரங்கி வச்சு விரட்டிட்டாங்க. செப்டம்பர் 10 இன்னைக்கும் அங்கே தேசிய விடுமுறை. ஆனா அன்னைக்குச் சேர்ந்து சண்டை போட்ட ஆப்பிரிக்க அடிமைகளோட சமூகத்துக்கு முழு விடுதலை கிடைச்சது 1838-லதான். இதை நினைச்சா அந்த வெற்றிக்கதை எனக்குக் கொஞ்சம் கசக்குது.

நாடு சுதந்திரம் வாங்கினது 1981-ல்.

இப்ப சுற்றுலாக்காரங்க தேடிப் போறது 'நீலக்குழி'. 300 மீட்டர் அகலம், 120 மீட்டருக்கு மேல ஆழம். பனியுகத்தில் கடல் மட்டம் தாழ்ந்திருந்தப்ப அது சுண்ணாம்புக் குகை. அப்ப உருவான கல் விழுதுகள் இன்னும் தண்ணிக்குள்ள தொங்குது. 1971-ல் கூஸ்தோ போய் இறங்கினதும் உலகப்புகழ்!

அப்புறம் எண்ணெய் ஆசை வந்தது. யுனெஸ்கோ 2009-ல் இந்தப் பாறைத்தொடரை ஆபத்துப் பட்டியல்ல சேர்த்தது. 2012-ல் தன்னார்வலர்கள் நடத்தின வாக்கெடுப்பில் கடல்ல எண்ணெய் எடுக்கக் கூடாதுன்னு சொன்னவங்க 96 சதவீதம். அரசாங்கம் 2017 கடைசியில சட்டம் போட்டு நிறுத்தினது. அடுத்த வருஷமே ஆபத்துப் பட்டியல்ல இருந்து பேர் நீங்கிடுச்சு.