கூத்தும் கொடையும்: மட்டக்களப்பு அண்ணாவி மரபு பற்றிய ஒரு நோக்கு

கலைஞரைக் கௌரவித்தல் என்பது இன்று பொன்னாடை, பாராட்டுரை, பணமுடிப்பு ஆகியவற்றோடு இணைத்தே எண்ணப்படுகின்றது. கிராமியச் சமூகத்திலோ கலைஞனுக்குரிய மதிப்பும் அவன் குடும்பத்துக்குரிய உதவியும் பெரிதும் ஒன்றாகவே இருந்தன. இவ்விரண்டும் எவ்வாறு இணைந்தன, எவ்விடத்துப் பிரிந்தன என்பதை மட்டக்களப்புக் கூத்து மரபினைக் கொண்டு ஆராய்வதே நமது நோக்கமாகும்.

வடமோடி, தென்மோடி என்னும் இருவகைக் கூத்துகளும் தனியொருவரின் முயற்சியால் ஆடப்பட்டவையல்ல. ஊர் கூடித் தீர்மானித்து ஆடியவை. வேளாண்மையைத் தொழிலாகக் கொண்டோரே பெரும்பாலும் கூத்தராயினர். சட்டங் கொடுத்தல், கிழமைக் கூத்து, சதங்கை அணிதல், அடுக்குப் பார்த்தல் எனப் பயிற்சி மாதக்கணக்கில் நீண்டு, வட்டக்களரியிலே விடியும்வரை நிகழும் அரங்கேற்றத்தில் நிறைவுறும். அரங்கேற்றத்தன்று கூத்தரின் உறவினர் அன்பளிப்புகள் வழங்குவர். அதன் பின்னர் கூத்தர் வீட்டுக்கு வீடு சென்று ஆடுவர். வீட்டார் தம்மால் இயன்றதைக் கொடுப்பர். கற்பித்த அண்ணாவியாருக்கு ஊர் செய்யும் மரியாதைக்கு இதுவே ஆதாரமாயிற்று. இங்கே கொடை என்பது செல்வர் ஒருவரின் இரக்கமன்று. கலையைத் தமதாகக் கொண்ட ஊரவர் செலுத்திய பங்கு.

எனினும், இக்கூட்டு வாழ்வை நாம் இலட்சியமயப்படுத்தலாகாது. கோயிற் சடங்கிலும் மரணவீட்டிலும் பறைமேளம் முழக்கிய கலைஞரையும் ஊரே தாங்கியது. ஆனால், அவர்கள் பெற்றது சாதிக் கடமைக்கான கூலியாகவே கருதப்பட்டது. அண்ணாவியாருக்குக் கிடைத்தது சன்மானம். பறைமேளக் கலைஞருக்குக் கிடைத்ததோ மதிப்பு நீங்கிய ஊதியம். கலைக்கும் உழைப்புக்கும் சமூகம் இட்ட விலையைச் சாதியே நிர்ணயித்தது என்பதற்கு இது தக்க சான்றாகும்.

இக்கிராமிய மரபு பல்கலைக்கழகத்தை எட்டியபோது புதியதொரு கட்டம் தொடங்கியது. 1956இல் சரச்சந்திரவின் ‘மனமே’ சிங்கள அரங்கில் ஏற்படுத்திய விழிப்பு தமிழரங்கையும் தூண்டியது. பேராசிரியர் சு. வித்தியானந்தன் கலைக்கழகத் தமிழ் நாடகக் குழுவின் தலைவராக நின்று அண்ணாவிமாரை ஒன்றுகூட்டினார். மேடையில் அமர்த்திக் கௌரவித்தார். ஏட்டிலும் கொப்பியிலும் முடங்கிக் கிடந்த கூத்துகளைப் பதிப்பித்தார். 1960களில் பேராதனை மாணவர்கள் ‘கர்ணன் போர்’, ‘இராவணேசன்’ முதலியவற்றை ஆடினர். படியாதார் கலை எனக் கற்றோர் ஒதுக்கிய கூத்து தேசியக் கலையாக ஏற்கப்பட்டது. இது வரலாற்றுச் சாதனையே.

ஆயினும், விடியும்வரை நிகழ்ந்த ஆட்டம் நகர மேடைக்கேற்பச் சுருங்கியபோது, வீட்டுக்கு வீடு சென்று பெற்ற ஆதரவு அக்கலையுடன் நகருக்கு வரவில்லை. மதிப்பு நகருக்குப் பெயர்ந்தது. குடும்பம் கிராமத்திலேயே நின்றது. 1983இன் பின் விரிந்த யுத்தமும் 2004ஆம் ஆண்டின் ஆழிப்பேரலையும் கிழக்கின் ஊர்களைச் சிதைத்தபோது, கொடுக்கவேண்டிய வீடுகளே நிலைகுலைந்தன. கலாபூஷணம் போன்ற அரச விருதுகள் முதிய கலைஞருக்கு அங்கீகாரம் தருவன. அவை அறுந்துபோன அந்த உறவுக்கு ஈடாகமாட்டா.

எனவே, கலைஞரைப் போற்ற விழைவோர் விழாவோடு நின்றுவிடலாகாது. அண்ணாவியாரும் பறைமேளக் கலைஞரும் சமமான ஆசிரியராக அமர்த்தப்பட்டு, கற்பித்தலுக்கு முறையான ஊதியம் பெறவேண்டும்; அவர்தம் பிள்ளைகளின் கல்விக்கும் குடும்பத்தின் முதுமைக்காலத்துக்கும் நிலையான நிதி வேண்டும். அக்கலையை ஆராய்ந்து பட்டமும் பதவியும் பெற்ற நமக்கு இது தருமமன்று, தீர்க்கவேண்டிய கடனாகும்.