பருத்தி எட்டாத ஊர்

போன வருடம் சென்னிமலையில் தறி வைத்திருக்கும் நண்பர் ஒருவரிடம் இரண்டு கோன் நூல் கொண்டுபோய்க் கொடுத்தேன். ஹெம்ப் நூல். கை துடைக்கிற துண்டு, தலையணை உறை, மேசை விரிப்பு என்று வீட்டுக்கு ஆகிற துணிகளை அதில் நெய்து பார்க்கலாமே என்று ஓர் ஆசை. அவர் ஒரு இழையை விரலில் சுற்றி இழுத்துப் பார்த்தார். “ஏனுங்க, இது நூலுங்களா, கம்பிங்களா?” என்றார். கொஞ்சம் முகர்ந்துவிட்டு, “சணல்தானுங்களே இது?”

சணல் இல்லை என்று விளக்குவதற்கே கால் மணி நேரம் ஆனது. சாக்குக்கு ஆகிற சணல் ஒரு செடி. பசுந்தாள் உரத்துக்கு மடக்கி உழுகிற, கயிறும் திரிக்கிற சணப்பு இன்னொரு செடி. இந்த நூல் இரண்டிலிருந்தும் வந்ததில்லை. கஞ்சாச் செடியின் தண்டிலிருந்து உரித்த நார் இது. போதை இருப்பது பூவிலும் பிசினிலும். நாருக்கென்றே வளர்க்கிற ரகங்களில் அதுவும் மிகக் குறைவு. எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு அவர் கேட்டது ஒன்றுதான்: “போலீஸ் வராதுங்களே?”

முதலில் பாவுக்கே போட்டோம். பருத்தி நூலிடம் கொஞ்சம் இளக்கம் உண்டு, விழுது ஏறி இறங்கும்போது விட்டுக்கொடுக்கும். இது கொடுக்காது. பாவில் ஒரு இழை மற்றதைவிடச் சற்று இறுக்கமாக இருந்தாலும் பட்டென்று அறுந்துவிடுகிறது. மேலெல்லாம் பிசிறு வேறு, பக்கத்து இழையோடு பின்னிக்கொள்கிறது. கஞ்சியைக் கெட்டியாகப் போட்டுப் பார்த்தோம். ஈரம் பட்டால் இந்த நாருக்கு வலு கூடும் என்பதால் ஈரத்துணியால் பாவைத் தடவித் தடவி ஓட்டினோம். அப்படியும் ஒரு முழம் நெய்வதற்குள் பொழுது போய்விட்டது. கடைசியில் பாவு பருத்தி, ஊடை ஹெம்ப் என்று சமாதானம் ஆனோம். நூலை நனைத்துத் தார் சுற்றினோம், தறி ஓடியது. துண்டு முதலில் அட்டை மாதிரி விறைத்துக்கொண்டு நின்றது. நாலைந்து தடவை துவைத்த பிறகு இளகியது, தண்ணீரையும் நன்றாக உறிஞ்சியது.

பருத்திப் பாவு கைவசம் இருந்ததால் நாங்கள் தப்பித்தோம். பருத்தியே இல்லாத இடத்தில் என்ன செய்திருப்பார்கள்? இந்தக் கேள்வியோடு படிக்க ஆரம்பித்து நான் போய் நின்ற இடம் ட்சுகாரு.

*

ஜப்பானின் பெரிய தீவான ஹொன்ஷுவின் வடக்கு முனை. இன்றைய அவோமோரி மாகாணத்தின் மேற்குப் பகுதி. குளிர்காலத்தில் வீடுகள் பாதி மூழ்கும் அளவுக்குப் பனி கொட்டும் ஊர். ஜப்பானில் 16ஆம் நூற்றாண்டுக்குப் பிறகு பருத்தி பரவலாகப் பயிராக ஆரம்பித்தது. தெற்கிலும் மேற்கிலும் சாதாரண மக்களின் உடலுக்குக்கூட அந்த மெத்தென்ற துணி வந்து சேர்ந்தது. ட்சுகாருவின் குளிரில் பருத்தி விளையாது. அங்கே விளைந்தது ‘அசா’, அதாவது ஹெம்ப்.

குளிர் போதாதென்று சட்டமும் சேர்ந்துகொண்டது. 1724இல் ட்சுகாருவை ஆண்ட பிரபுவின் அரசு, சிக்கனத்தின் பேரால் ஒரு ஆணை போட்டது. விவசாயிகள் பருத்தி உடுத்தக் கூடாது. யார் எதை உடுத்தலாம், எதை உடுத்தக் கூடாது என்று மேலே இருப்பவர்கள் விதி எழுதிய கதை நமக்கும் புதிதில்லை. தோள்சீலைக்காகத் தெற்குத் திருவிதாங்கூரில் நடந்த போராட்டம் நினைவுக்கு வராமல் இருக்காது.

ஹெம்ப் துணி வெயில் காலத்துக்கு அருமையானது. காற்று உள்ளே போய் வரும், வியர்வை சீக்கிரம் காயும். அதே குணம்தான் பனியில் எமன். உடம்புச் சூட்டைப் பிடித்து வைக்காது. ஆனால் அங்கே வருடம் முழுக்க அதுதான் சட்டை, அதுதான் படுக்கை, அதுதான் போர்வை.

நூல் எடுப்பதும் லேசான வேலை இல்லை. தண்டை ஊறவைத்தோ அவித்தோ பட்டையை உரிக்க வேண்டும். சுரண்டி நாரை எடுக்க வேண்டும். பிறகு நகத்தால் நாரை மெல்லிசாகக் கிழித்து, வாயில் ஈரப்படுத்தி, ஒன்றின் நுனியில் இன்னொன்றை வைத்து விரலாலேயே முறுக்கிச் சேர்க்க வேண்டும். இப்படி முழம் முழமாக வளர்ந்த நூலை ஒரு கூடையில் சேர்ப்பார்கள். பனிக்காலம் முழுக்க வீட்டுப் பெண்களின் கைவேலை இது. அதற்குப் பிறகுதான் தறி.

அந்தப் பெண்கள் கண்டுபிடித்த வழிதான் ‘கோகின்’. அவுரியில் முக்கிய நீல ஹெம்ப் துணி. கொஞ்சமாகக் கிடைக்கும் வெள்ளைப் பருத்தி நூலை ஊசியில் கோத்து, துணியின் இழைகளை ஒன்று, மூன்று, ஐந்து என்று ஒற்றைப்படையில் எண்ணி எண்ணித் தைத்துக்கொண்டே போவார்கள். நெசவின் ஓட்டையெல்லாம் பருத்தியால் அடைபடும். துணி கனக்கும், சூடு நிற்கும், தோளும் முதுகும் சீக்கிரம் தேயாது. எண்ணித் தைப்பதால் தானாகவே வைர வடிவங்கள் எழுந்தன. அவற்றுக்குப் பூனைக்கண், மீன்செதில், பயறு என்று பெயர் வைத்தார்கள். வெள்ளை அழுக்கேறிப்போனால் உடுப்பை மறுபடி அவுரியில் முக்கி நீலமாக்கி உடுத்தினார்கள். பருத்தி ஆடை கூடாது என்ற ஊரில், பருத்தியை நூல் நூலாக உடம்புக்குக் கொண்டுவந்த வேலை இது.

படுக்கையின் கதை இன்னும் கடினமானது. ‘தோன்ஜா’ என்று ஒரு போர்வை அங்கி. கந்தைகளைப் பல அடுக்காகச் சேர்த்துத் தைத்து, உள்ளே ஹெம்ப் கழிவு நாரைத் திணித்திருப்பார்கள். பத்து கிலோவுக்கு மேல் கனக்கும். குடும்பமே அதற்குள் ஒருவர் சூட்டில் இன்னொருவராகப் படுத்துக்கொள்ளும். ‘பொதோகோ’ என்று ஒரு விரிப்பும் உண்டு. தாத்தா, பாட்டி, அவர்களுக்கும் முந்தியவர்கள் உடுத்தித் தேய்ந்த துணிகளை ஒட்டி ஒட்டித் தைத்தது. வீட்டில் பிரசவம் நடக்கும்போது இதைத்தான் விரிப்பார்கள். குழந்தை முன்னோர்களின் துணிமேல் வந்து விழும்.

1891இல் டோக்கியோவிலிருந்து அவோமோரிக்கு ரயில் வந்தது. அதோடு மலிவான பருத்தித் துணியும் நூலும் தாராளமாக வந்தன. சில பத்தாண்டுகளில் கோகின் வழக்கொழிந்தது. கந்தைகளோ அவமானமாகிப்போயின, எரித்தார்கள், ஒளித்தார்கள். 1930களில் நாட்டார் கைவினைகளைக் கொண்டாடிய யானகி சோயெட்சு கோகினைப் பாராட்டி எழுதினார். பின்னாளில் தனகா சூசபுரோ என்ற ஆய்வாளர் அவோமோரி கிராமங்களில் வீடு வீடாக அலைந்து இந்தத் துணிகளைச் சேகரித்தார். அவர் சேர்த்த தையல் உடுப்புகளில் 786, இன்று தேசத்தின் முக்கியமான நாட்டார் பண்பாட்டுச் சொத்து.

செடிக்கும் கெட்ட காலம் வந்தது. போருக்குப் பின் அமெரிக்க ஆக்கிரமிப்பின்கீழ் 1948இல் வந்த சட்டம், உரிமம் இல்லாமல் அதை வளர்ப்பதைக் குற்றமாக்கியது. இன்று ஜப்பானியத் துணிக்கடையில் ‘அசா’ என்று சீட்டு ஒட்டியிருந்தால் அது ஆளிநாராகவோ ராமி நாராகவோ இருக்கும். தரச்சீட்டு விதியில் அந்தப் பெயர் அவை இரண்டுக்கும்தான், ஹெம்ப்புக்கு இல்லை. பெயரே கைமாறிவிட்டது. நம் இந்தியச் சட்டம் கொஞ்சம் பரவாயில்லை. 1985இன் போதைப்பொருள் சட்டமே நாருக்கும் விதைக்கும் பயிரிட அனுமதிக்க இடம் வைத்திருக்கிறது.

*

இன்று ஹெம்ப் துண்டு விலை கூடிய பொருள். பூமிக்கு நல்லது, மருந்து அதிகம் தேவையில்லை, நீடித்து உழைக்கும் என்று சொல்லி விற்கிறார்கள். சொல்வது பொய்யில்லை. ஆனால் கம்பங்கூழ் நட்சத்திர ஹோட்டல் மெனுவுக்கு வந்தபோது நம் பாட்டிமார் ஒரு மாதிரி சிரித்தார்களே, அந்தச் சிரிப்பு எனக்கு ஞாபகம் வருகிறது. வேறு வழியில்லாமல் ஒருத்தர் உண்டதும் உடுத்தியதும், இன்னொருத்தர் கைக்கு வரும்போது தேர்வாகிவிடுகிறது. நடுவில் அந்தக் கைகள் பட்ட பாடு மட்டும் விலைச்சீட்டில் இருப்பதில்லை.

நான் செய்தது சோதனை. அறுந்தால் பருத்திக்கு மாறிக்கொள்ளலாம். ட்சுகாருப் பெண்களுக்கு மாறிக்கொள்ள ஒன்றுமில்லை. ஹெம்ப் துணி அவர்களைக் காப்பாற்றியது என்று சொல்லத் தயக்கமாக இருக்கிறது. அந்தத் துணியால் ஆகாததை, பனிக்கால இரவுகளில் உட்கார்ந்து, இழை எண்ணித் தைத்துச் சரிசெய்தது அவர்கள்தான்.

இதையெல்லாம் நண்பரிடம் சொன்னேன். துண்டை மடித்துக் கையில் வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார். “அத்தன சங்கடத்துல பூனக்கண்ணுனு பேரு வெச்சிருக்காங்க பாருங்க” என்றார். பிறகு தறிக்குழியில் இறங்கி, அறுந்திருந்த இழையைப் பிணைக்க ஆரம்பித்தார்.